காயம் ஆறிய பிறகும் எரியும் நரம்பு: போரில் காயம்பட்டவர்களின் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குண்டடிக் காயம் ஆறி, தையலும் பிரித்தாயிற்று, இன்னும் என்ன வலி என்று கேட்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. தோலும் தசையும் சேர்ந்துவிடும். நசுங்கிய, அறுபட்ட நரம்பு மட்டும் தாறுமாறாக வலிச்செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இத்தகைய வீரர்களுக்கு பிலடெல்பியாவில் சிகிச்சை தந்த மருத்துவர் சைலஸ் வீர் மிட்செல் இதை 1864-லேயே பதிவு செய்திருக்கிறார். அந்த வீரர்கள் எரியும் கையை ஈரத்துணியால் சுற்றிக்கொண்டே இருந்தார்கள்; செய்தித்தாள் சலசலத்தால்கூடச் சிலருக்கு வலி ஏறியது. எரிகிறதா, கரண்ட் அடிப்பதுபோல் இருக்கிறதா, போர்வை பட்டாலே துடிக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் நரம்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அப்புறம் மாத்திரை. பாராசிட்டமால், இபுப்ரோஃபென் இந்த வலிக்குப் பெரிதாக உதவாது. அளவைக் கூட்டினால் ஈரலும் சிறுநீரகமும்தான் கெடும். காபாபென்டின், பிரிகாபலின், டுலாக்செடின், அமிட்ரிப்டிலின் போன்றவையே முதலில் தர வேண்டியவை. இவற்றில் கடைசி இரண்டும் மனச்சோர்வுக்கும் தரப்படுபவை. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், ‘எனக்கு மனநோய் என்று நினைக்கிறார்கள்’ என்று காயம்பட்டவர் மாத்திரையைத் தொடமாட்டார். குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நான்கு நாளில் கேட்கவில்லை என்று விடுவதும், மாதக்கணக்கில் சாப்பிட்டதைத் திடீரென நிறுத்துவதும் தவறு. காபாபென்டினைச் சட்டென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மார்ஃபின் வகை மருந்துகள் காயம்பட்ட நாட்களில் அவசியம். அதையே மாதக்கணக்கில் நீட்டினால் அடிமையாக்கிவிடலாம்.

வலிக்கிறதே என்று கையை அசைக்காமல் கட்டிப்போடாதீர்கள். மூட்டு இறுகிவிடும், வலியும் வளரும். பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் முதலில் பஞ்சு, பிறகு மென்துணி, பிறகு துண்டு என்று தொட்டுத் தொட்டுப் பழக்க வேண்டும். ஐஸ் ஒத்தடம் வேண்டாம்.

கால் இழந்தவர் இல்லாத பாதம் வலிக்கிறது என்றால் நம்புங்கள், அது மெய்யான வலி. அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் இப்படிப்பட்டவர்களுக்குக் கண்ணாடிப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணாடியில் நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி அந்தக் காலோடு இல்லாத காலையும் அசைக்க முயல்வதுதான் பயிற்சி. 2007-ல் வெளியான அந்த ஆய்வில், நான்கு வாரத்தில் வலி குறைந்தது. துண்டிக்கப்பட்ட நுனியிலேயே வலி என்றால் செயற்கைக்கால் சரியாகப் பொருந்துகிறதா, நரம்பு நுனியில் முடிச்சு விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் மாத்திரையைக் கூட்டக் கூடாது.

போர் நினைவுகளால் தூக்கம் கெட்டவருக்கு வலியும் கூடும். இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் பாருங்கள். ஒன்று தீரட்டும் என்று மற்றதைத் தள்ளிப்போடாதீர்கள்.