கிராஃபிக் டிசைன் படிக்க விண்ணப்பிக்கும் மலையகப் பிள்ளைகளுக்கு: போர்ட்ஃபோலியோ தயாரிக்கும் முறை

உயர்தரம் எழுதிவிட்டு டிசைன் படிக்க நினைப்பவர்கள், எந்தக் கதவு எதைக் கேட்கிறது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். அரச பல்கலைக்கழகங்களில், மொறட்டுவையின் வடிவமைப்புப் பட்டப்படிப்பு போன்றவற்றுக்கு உளச்சார்புப் பரீட்சை உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை வாங்கி, அந்தப் பாடநெறிக்குரிய பக்கத்தை வரிவரியாகப் படியுங்கள். தனியார் நிறுவனங்களும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் பெரும்பாலும் போர்ட்ஃபோலியோவைத்தான், அதாவது உங்கள் படைப்புகளின் கோவையைத்தான், கேட்கும். பரீட்சைக்குத் தேவையான கைப்பழக்கமும் கோவைக்குத் தேவையான கைப்பழக்கமும் ஒன்றே. ஆகவே எந்தப் பக்கம் போனாலும் உழைப்பு வீணாகாது.

எத்தனை படைப்பு வேண்டும் என்று அவர்கள் சொல்லியிருந்தால் அதுவே சட்டம். சொல்லாவிட்டால் 12 போதும். நேரில் பார்த்து வரைந்தவை 4, எழுத்துருவை மையமாக வைத்தவை 2, தொடக்கம் முதல் முடிவுவரை காட்டும் செயற்றிட்டம் 2, மீதிக்கு ஒளிப்படம், ஓவியம், வரைவுக் கொப்பியின் பக்கங்கள். மிக நல்லதை முதலில் வையுங்கள், அதற்கு அடுத்ததைக் கடைசியில் வையுங்கள். சந்தேகமான ஒன்றைச் சேர்ப்பதைவிட 11 உடன் நிறுத்துவது மேல். பலவீனமான ஒரு பக்கம் பக்கத்தில் இருக்கும் நல்ல பக்கத்தையும் கீழே இழுத்துவிடும்.

நடிகர்களின் படத்தைத் தொலைபேசியில் பார்த்து பென்சிலில் வரைந்ததையும், ஆயத்த டெம்ப்ளேட்டில் பெயரை மாற்றிச் செய்த பிறந்தநாள் போஸ்டரையும் தயவுசெய்து சேர்க்காதீர்கள். அவற்றில் பொறுமை தெரியும், ஆனால் நீங்கள் எடுத்த முடிவு ஒன்றுகூடத் தெரியாது. தேர்வுக்குழு தேடுவது அந்த முடிவுகளைத்தான்.

பார்த்து வரைதல்

வீட்டில் இருப்பதே போதும்: கேத்தல், கொழுந்துக் கூடை, கழற்றிப்போட்ட சப்பாத்து, தகரக் கூரை, அம்மாவின் கை. 2பி, 6பி பென்சில் இரண்டும் கடதாசியும் எடுத்துக்கொண்டு ஒரு பொருளுக்கு 20 நிமிடம் கொடுங்கள். கேத்தலை வரையும்போது எல்லோரும் ஒரே இடத்தில்தான் தவறுவார்கள். வாயின் வட்டம் நீள்வட்டமாகத் தெரியும். அதன் இரு முனைகளும் உருண்டுதான் திரும்ப வேண்டும், பாதாம்பருப்புப்போல் கூர்மையாகக் கூடாது. கேத்தல் கண்மட்டத்துக்குக் கீழே இருந்தால் அடிப்பக்க வளைவு வாயைவிடக் கூடுதலாக வளைய வேண்டும். அடியை நேர்கோடாக இழுத்தால் கேத்தல் மேசையில் உட்காராது, காகிதத்தில் ஒட்டியதுபோல் நிற்கும்.

ஒரு செயற்றிட்டத்தை முழுவதும் காட்டுதல்

உதாரணத்துக்கு 100 கிராம் பி.ஓ.பி.எஃப். தரத் தேயிலைப் பைக்கற்றை எடுத்துக்கொள்வோம். தேயிலையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு நேர்காணலில் இருப்பவர்களுக்குத் தெரியாது, அந்த அறிவைப் பயன்படுத்துங்கள். கடையில் ஒரு பைக்கற்றை வாங்கி, ஒட்டிய இடங்களைப் பிரித்து விரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் மில்லிமீற்றரில் அளந்து குறியுங்கள். யார் வாங்குகிறார்கள், எங்கே வைத்து விற்கிறார்கள் என்று நாலு வரி எழுதுங்கள். பிறகு தீப்பெட்டி அளவில் 30 சிறு வரைவுகள். முதல் பத்திலும் இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான் வரும். அது எல்லோருக்கும் வருவது. பதினைந்தைத் தாண்டிய பிறகுதான் சொந்த யோசனை பிறக்கும். மூன்றைத் தெரிவுசெய்து பெரிதாக்கி, ஒன்றை உண்மையான அளவில் வெட்டி, மடித்து, ஒட்டிப் பாருங்கள். திரையில் அழகாக இருந்த பெயர், மடிப்பில் விழுந்து பாதியாக உடைவது அப்போதுதான் தெரியும். அந்தப் பிழையான மாதிரியையும் படம் எடுத்து வையுங்கள். அதைத் திருத்திய விதமே உங்கள் கோவையின் மிகப் பெறுமதியான பக்கம்.

இரண்டாவதற்கு ஹட்டன் – நுவரெலியா பஸ்ஸின் பெயர்ப்பலகை நல்ல பயிற்சி. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரே பலகையில் வர வேண்டும். இடம் போதாமல் போனால் சுருக்கப்படுவது பெரும்பாலும் தமிழ்தான். நீங்கள் தமிழை முதலில் அமைத்து, அதற்கேற்ப மற்ற இரண்டையும் பொருத்துங்கள். பனிமூட்டத்தில் வாசிக்க முடியுமா என்று பார்க்க, அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, மேலே ஒரு எண்ணெய்த் தாளை மூடி, 20 அடி பின்னால் போய் வாசியுங்கள்.

தமிழ் எழுத்து உடையாமல்

பாமினியில் தட்டச்சு செய்யாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் சிதறித் தெரியும். யூனிகோடில் எழுதி, நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், ஹிந்த் மதுரை போன்ற இலவச எழுத்துருக்களைப் பயன்படுத்துங்கள். இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றால், அதன் அமைப்புகளில் (Preferences) இன்டிக் தெரிவை இயக்கி, பந்திப் பலகத்தில் (Paragraph) மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன் கம்போசரைத் தெரிவுசெய்ய வேண்டும். இன்க்ஸ்கேப்பில் இந்தத் தொல்லை இல்லை, காசும் இல்லை. ஆங்கிலத்துக்கு எழுத்தளவின் 120 சதவீதம் வரியிடைவெளி போதும். தமிழுக்கு 140 முதல் 150 வரை கொடுங்கள். இல்லாவிட்டால் மேல்வரியின் ‘கூ’வும் கீழ்வரியின் ‘கீ’யும் முட்டிக்கொள்ளும். முடிவில் எழுத்துகளை வடிவங்களாக மாற்றிய ஒரு பிரதியை அனுப்புங்கள். திருத்தக்கூடிய மூலக் கோப்பை வேறாக வையுங்கள்.

படமெடுத்தலும் ஈரமும்

நல்ல வரைபடங்கள் பல மோசமான படத்தால்தான் தோற்கின்றன. மின்குமிழை அணைத்துவிட்டு, காலை 10 மணிக்கும் பகல் 2 மணிக்கும் இடையில் இஸ்தோப்பில் எடுங்கள். பனி மூடிய நாள் உங்களுக்குச் சாதகம்: நிழல் விழாத, எல்லா இடமும் ஒரேமாதிரி பரவிய வெளிச்சம் கிடைக்கும். ஆனால் லயத்துச் சுவருக்கு நீலமோ பச்சையோ அடித்திருந்தால் அந்த நிறம் வெள்ளைத் தாளில் ஏறிவிடும். பக்கத்துச் சுவரை ஒரு வெள்ளை வேட்டியால் மறையுங்கள். தொலைபேசியைத் தாளுக்கு நேர் எதிரே பிடித்து, ஒன்றரை மீற்றர் பின்னால் நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். கிட்டப்போய் எடுத்தால் ஓரங்கள் வயிறுபோல் புடைக்கும். ஏ4 பென்சில் வரைபடங்களை நகரத்துக் கொமினிகேஷனில் 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்வது சிறந்தது. 2480க்கு 3508 பிக்சல் வரும்.

நீர்வண்ணத்துக்கு 200 ஜி.எஸ்.எம்.முக்கு (சதுர மீற்றருக்கு 200 கிராம்) குறைந்த தாள் வேண்டாம், அலையடித்துவிடும். வரைந்து முடித்தவற்றைப் பொலித்தீன் பையில் இறுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்கும். அடுப்புக்கு மேலே வைத்தால் புகையில் மஞ்சளாகும். தட்டையாக வைத்து, இடையிடையே காய்ந்த பத்திரிகைத் தாள் போட்டு, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அதை மாற்றுங்கள்.

பக்கமாக்குதல்

ஏ4 கிடைப்பக்கம், வெள்ளைப் பின்னணி, பக்கத்துக்கு ஒரு படைப்பு. செயற்றிட்டத்துக்கு மட்டும் மூன்று, நான்கு பக்கங்கள். ஒவ்வொன்றின் கீழும் தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு, பிறகு 30 சொல்லுக்குள் என்ன சிக்கல், எப்படித் தீர்த்தீர்கள் என்று எழுதுங்கள். நண்பர்களோடு சேர்ந்து செய்ததில் உங்கள் பங்கை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். கேட்கப்பட்ட அளவுக்குள் பி.டி.எஃப். வரவில்லையென்றால் பக்கத்தைக் குறைக்காமல் படங்களை 150 டி.பி.ஐ.க்கு இறக்குங்கள், திரையில் வித்தியாசம் தெரியாது. அச்சுப் பிரதி கேட்டால் முதலில் ஒரேயொரு பக்கத்தை அச்சிட்டுப் பாருங்கள். திரையில் துளிர்த்த கொழுந்துப் பச்சை தாளில் பாசிபோல் மங்கும், அதைக் கண்ட பிறகுதான் நிறத்தைத் திருத்த முடியும்.

தோட்டத்தில் சிக்னல் வந்து வந்து போகும். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே நகரத்துக்குப் போய்ப் பதிவேற்றிவிட்டு, அனுப்பிய கோப்பை வேறொரு தொலைபேசியில் திறந்து எல்லாப் பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். நேர்காணலுக்கு மூலத் தாள்களையும் வரைவுக் கொப்பியையும் இரண்டு கனமான அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுபோங்கள்.