அக்ரிலிக் நகத்துக்கு இன்ஃபில் போடுவதும் உடைந்ததைச் சரிசெய்வதும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

விரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். அதனால் இன்றைக்குப் போட்டுவிட்ட அக்ரிலிக், இரண்டு மூன்று கிழமைக்குள் கியூட்டிக்கிள் (நகத்தின் அடியில் இருக்கும் தோல் ஓரம்) பக்கம் வெறும் நகத்தை விட்டுவிட்டு முன்னுக்கு நகர்ந்திருக்கும். கூடவே, பலத்துக்காக நடுவில் எழுப்பிய மேடும் நுனிப்பக்கம் போய்விடும். அதற்குப் பிறகு கார் கதவில் லேசாக இடித்தாலும் நகம் உடையும். வெறும் இடத்தை நிரப்புவது இன்ஃபிலில் பாதி வேலைதான். மேட்டைத் திரும்பச் சரியான இடத்துக்குக் கொண்டுவருவது மற்றப் பாதி.

யாழ்ப்பாணத்தில் நகம் போட வருகிறவர்களில் பலர் வீட்டில் தேங்காய் திருவுகிறவர்கள், நண்டு உடைக்கிறவர்கள், கையால் சோறு குழைத்துச் சாப்பிடுகிறவர்கள். ஓரம் கிளம்புவதும் மூலை உடைவதும் இங்கே சாதாரணம். ஆவணிக் கல்யாணங்களுக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அங்கே போட்ட நகத்தோடு வந்து நிரப்பித் தரச் சொல்வார்கள். ஆகவே இந்த வேலையைத் திருத்தமாகப் பழகிக்கொள்ளுங்கள்.

முதலில் கையைப் பாருங்கள்

கையைக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு நகமாகப் பாருங்கள். "அக்கா, எங்கையாவது இடிச்சனீங்களோ? நோகுதோ?" என்று கேளுங்கள். நகத்துக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவே பச்சை நிறம் தெரிந்தால், ஈரம் தங்கி பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. அதன்மேல் நிரப்பவே கூடாது. அக்ரிலிக்கைக் கழற்றிவிட்டு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். சதை சிவந்து வீங்கியிருந்தாலும், ஓரத்தில் அரிப்பு இருந்தாலும் அதே பதில்தான். கல்யாணம் நாளைக்கு என்றாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வேறு இடத்தில் போட்ட நகம் பைலுக்கு மசியாமல் கல்லாக இருந்து, அசிட்டோனிலும் இளகாவிட்டால், அதில் எம்எம்ஏ (மெதில் மெதாக்ரிலேட்) லிக்விட், அதாவது அக்ரிலிக் பவுடரோடு சேர்க்கும் திரவம், பாவித்திருக்கலாம். நகத்துக்கும் சதைக்கும் கேடு என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1970களிலேயே நடவடிக்கை எடுத்த பொருள் அது. அந்த நகத்தை நிரப்பாமல், பைலால் மெதுவாகக் குறைத்து எடுப்பதே நல்லது. நீங்கள் வாங்கும் லிக்விட் போத்தலில் இஎம்ஏ (எதில் மெதாக்ரிலேட்) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கிளம்பிய இடத்தை எடுப்பது

இன்ஃபில் நிற்பதும் கழன்றுவிடுவதும் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. அதனால் அவசரப்படாதீர்கள்.

கிளம்பிய அக்ரிலிக் வெளிறித் தெரியும். அதைக் கத்தரியால் கிள்ளி எடுக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. அப்படிக் கிள்ளினால் நன்றாக ஒட்டியிருக்கிற பகுதியும் சேர்ந்து கிளம்பும், இயற்கை நகத்தின் மேல்படையும் உரிந்துவரும். அதற்குப் பதிலாக 100/180 பைலைச் (எண் கூடக்கூட சொரசொரப்புக் குறையும்) சாய்த்துப் பிடித்து, கிளம்பிய ஓரத்தை மேலிருந்து மெல்லிசாக்கிக்கொண்டே வாருங்கள். தூசி அந்த எல்லையில் புகுந்து வெள்ளைக் கோடாகத் தேங்கும். தூரிகையால் தட்டிவிட்டுப் பாருங்கள், கோடு இன்னும் இருக்கும். திரும்பப் பைல் பண்ணுங்கள். கோடு பின்வாங்கிப் பின்வாங்கி, ஒட்டியிருக்கிற இடத்தை அடைந்ததும் மறைந்துவிடும். விரலால் தடவினால் நகத்துக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவே படி தட்டக்கூடாது. கோடு மிச்சமிருக்க மேலே பூசினால் ஒரு கிழமையில் அதே இடத்தில் கிளம்பும்.

ட்ரில் மெஷின் இருந்தால் குறைந்த வேகத்தில், பிட்டை நகத்துக்குச் சமாந்தரமாகப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். "சுடுது" என்று சொன்ன உடனே கையை எடுங்கள். தொடக்கத்தில் கைப்பைலில் பழகுவதே என் விருப்பம். கரண்ட் போனாலும் வேலை நிற்காது.

பிறகு முன்னுக்குப் போன பழைய மேட்டையும் நுனியையும் பைலால் குறையுங்கள்.

நகத்தைத் தயார் செய்தல்

கியூட்டிக்கிளை மெல்லத் தள்ளி, நகத்தில் ஒட்டியிருக்கும் இறந்த தோலை எடுங்கள். புதிதாக வளர்ந்த பகுதியின் பளபளப்பு போகும் அளவுக்கு மட்டும் 240 பைலால் தடவுங்கள், அதற்குமேல் தேய்க்காதீர்கள். தூசியைத் துடைத்து டீஹைட்ரேட்டர் (நகத்தின் ஈரத்தையும் எண்ணெயையும் உலர்த்தும் திரவம்) பூசுங்கள். இந்தக் கட்டத்துக்குப் பிறகு கை கழுவ விடாதீர்கள். நகம் தண்ணீரை உறிஞ்சி விரிந்து, பிறகு சுருங்கும்போது அக்ரிலிக் கிளம்பும். அக்ரிலிக் ஒட்டிப் பிடிக்க உதவும் பிரைமரை இயற்கை நகத்தில் மட்டும், மிகக் குறைவாகத் தொடுங்கள்.

நிரப்புதல்

பிரஷை லிக்விட்டில் நனைத்து, கிண்ண ஓரத்தில் வழித்து, நுனியைப் பவுடரில் தொட்டு ஓர் உருண்டை எடுங்கள். அது மினுங்கவேண்டும், ஆனால் சொட்டக்கூடாது. கியூட்டிக்கிளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தள்ளி வைத்து, பிரஷின் வயிற்றால் அழுத்தி ஓரத்தை மெல்லிசாக்குங்கள். அடுத்த உருண்டையை நகத்தின் நடுவில் வைத்து மேட்டை எழுப்பி, பழைய அக்ரிலிக்கோடு இழுத்துக் கலந்துவிடுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் ஏசி இல்லாத அறையில் அக்ரிலிக் மிக விரைவாக இறுகும். அந்த நாட்களில் உளுந்து அளவு சின்ன உருண்டைகளாக எடுத்து, ஒரு நேரத்தில் ஒரு நகத்தை முடியுங்கள். மின்விசிறியை நேரே கைமேல் திருப்பாதீர்கள். ஆனால் யன்னல் திறந்திருக்கட்டும், தூசிக்கு மாஸ்க் போடுங்கள்.

சதையில் லிக்விட் பட்டால் உடனே துடையுங்கள். அடிக்கடி பட்டால் ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்துவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும், பல் அடைக்கும் சில பொருட்கள்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். உங்கள் கைக்கும் இதேதான், நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பிரஷின் காம்பால் தட்டினால் 'டிக்' என்று கேட்கவேண்டும். கேட்டபின் பைல் பண்ணி, பஃபர் போட்டு, டாப் கோட்டோ கியூட்டெக்ஸோ பூசலாம்.

உடைந்த நகம்

மூலை மட்டும் போயிருந்தால், உடைந்த விளிம்பைச் சாய்வாகப் பைல் பண்ணி, கீழே பேப்பர் ஃபோர்மை (நகத்தை நீட்டிக் கட்டத் தாங்கும் காகித அச்சு) இடைவெளி இல்லாமல் பொருத்தி, ஒரு சின்ன உருண்டையால் மூலையைக் கட்டுங்கள். இறுகிய பிறகு மற்ற நகங்களின் வடிவத்துக்கு வெட்டிக்கொள்ளலாம்.

குறுக்கே வெடித்திருந்தால் வெடிப்பின்மேல் அப்படியே பூசுவது வீண். வெடிப்புக் கோடு மறையும்வரை அந்த இடத்தை வாய்க்காலாக அராவி, இயற்கை நகம் வருமுன் நிறுத்தி, பிறகு நிரப்புங்கள். வெடிப்பு இயற்கை நகத்துக்குள்ளும் போய் இரத்தம் கசிந்தால் அக்ரிலிக் வேண்டாம். நீளத்தைக் குறைத்து, சுத்தமாக மூடி, ஆறும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். ஒரே கையில் பாதிக்குமேல் உடைந்தோ கிளம்பியோ இருந்தால், ஒட்டுப்போடுவதைவிட அசிட்டோனில் ஊறவைத்துக் கழற்றிப் புதிதாகப் போடுவதுதான் நேரத்துக்கும் காசுக்கும் லாபம்.

அனுப்புமுன் கியூட்டிக்கிள் எண்ணெய் தடவிவிட்டு, வீட்டிலும் இரவில் தடவச் சொல்லுங்கள். பாத்திரம் கழுவும்போது கையுறை போடட்டும். மஞ்சள் கறை பிடித்தால் டாப் கோட்டை மாற்றிக்கொள்ளலாம். ஓரம் கிளம்பினால் பிய்க்காமலும், சுப்பர் குளூ ஊற்றாமலும் உங்களிடம் வரச் சொல்லி, மூன்று கிழமைக்குள் அடுத்த நாளை அங்கேயே குறித்துக் கொடுங்கள்.