பெரிய வீடு இருக்கிறது, லோன் கிடைத்துவிடும்: மேற்படிப்புக்குப் பணம் புரட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி அப்பாவைக் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது, ஆகஸ்டில் வகுப்பு. பணத்துக்கு என்ன வழி என்று கேட்டேன். போனில் ஒரு படத்தைத் திறந்து நீட்டினார். முகப்பு உச்சியில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யானை. "இந்தத் தெருவிலேருந்து அடுத்த தெரு வரைக்கும் நம்ம வீடுதான் சார். பேங்க்ல இதைக் காட்டினாப் போதும்ல?"

எத்தனை பங்காளிகள் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார், ஒன்பதில் நின்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அவர், "மலேசியாவில இருக்கவுக எத்தனை பேருன்னு ஆச்சியைத்தான் கேக்கணும் தம்பி" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2010-இல் நானும் என் அப்பாவும் இதே பேச்சைப் பேசிக்கொண்டு ஒரு வங்கியில் போய் உட்கார்ந்தோம். பத்து வருடமாகக் காரைக்குடியில் மேற்படிப்புக்குப் போகிற பிள்ளைகளுக்கு வழி சொல்லி வருகிறேன். வருடத்துக்கு நாலைந்து பேராவது அதே படியில் வழுக்கி விழுகிறார்கள். கடைசித் தேதியைத் தவறவிடுவது, பாஸ்போர்ட்டில் ஒரு பெயரும் மார்க் ஷீட்டில் இன்னொரு பெயருமாக இருப்பது போன்றவற்றை எல்லோரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பொது வீட்டை ஈடாக நம்புவது

கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகப் பின்பற்றும் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை ஈடு வேண்டாம். அதற்கு மேல் ஏழரை லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன் போதும். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்து ஈடு கேட்பார்கள். வெளிநாட்டுப் படிப்பு என்றால் அந்தக் கோட்டை எப்படியும் தாண்டிவிடும். அந்த இடத்தில்தான் நம் வீடுகளில் எல்லோருக்கும் பெரிய வீடு ஞாபகத்துக்கு வருகிறது.

வங்கி பார்ப்பது காகிதத்தை. பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் சொத்துக் காகிதங்களைப் பார்த்து வங்கி வக்கீல் எழுதும் லீகல் ஒப்பீனியனில் ஒரு வரிகூட வராது.

எங்கள் வீடு பள்ளத்தூரில். வங்கியின் வக்கீல் முதலில், சொத்தின் மேல் நடந்த பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்று கேட்டார். 30 வருடத்துக்குப் போட்டு வாங்கினோம். ஒரு பதிவும் இல்லை என்று வந்தது. அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம், சுத்தமான சொத்து என்று. வக்கீல் அதை மேசையில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "வில்லங்கம் இல்லைங்கறது சரி. உங்க பேருக்கு எப்ப வந்துச்சு? அதுக்கும் பதிவே இல்லையே." பட்டா பாட்டையா (அப்பாவின் தாத்தா) பெயரில் இருந்தது. அவர் இறந்தபோது என் அப்பா பள்ளிக்கூடத்துப் பையன்.

இரும்புப் பெட்டியைக் குடைந்து ஒரு பாகப்பிரிவினைக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தோம். எந்த இரட்டை அறை யாருக்கு, வளவும் (நடு முற்றம்) முகப்பும் பொது என்று ஐயாவின் (அப்பாவின் அப்பா) அண்ணன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். சகோதரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆனால் பதிவு செய்யவில்லை. பதிவாகாத பாகப்பிரிவினைப் பத்திரத்தை வைத்து எந்த வங்கியும் கடன் தராது. ஆக, சட்டத்தின் கண்ணில் அந்த வீடு இன்னும் பிரியாத சொத்து. வாரிசுகள் பதினொரு பேரும் வந்து அடமானத்தில் கையெழுத்துப் போட்டால்தான் ஆகும்.

அத்தைமார் கல்யாணம் ஆகிப் போய்விட்டார்களே, அவர்கள் எதற்கு என்று பெரியப்பா கேட்டார். இன்றைக்கும் ஊரில் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். 1956 வாரிசுரிமைச் சட்டத்திலேயே, உயில் எழுதாமல் இறந்த அப்பாவின் பங்குக்கு மகளும் வாரிசு. 2005 திருத்தத்துக்குப் பிறகு கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே சம உரிமை. அத்தையின் கையெழுத்து இல்லாத பத்திரத்தை வங்கி வக்கீல் தொடக்கூட மாட்டார். அவர் செய்வது சரிதான்.

பங்காளிகளில் ஒரு குடும்பம் மலேசியாவில் ஈப்போவில் இருந்தது. அங்கே பவர் பத்திரம் எழுதி, தூதரகத்தில் சான்று வாங்கி, தபாலில் அனுப்ப வேண்டும். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அதற்கு முன்னால் தாசில்தாரிடம் இரண்டு தலைமுறைக்கு வாரிசுச் சான்றிதழ். பாட்டையாவின் இறப்புச் சான்றிதழ் கிடைக்கவே மூன்று வாரம் ஆனது. ஜூலை முடிந்தது. பல்கலைக்கழகம் இடத்தை ஒரு வருடம் தள்ளிக் கொடுத்தது. அந்த வருடத்துக்கென்று கொடுத்திருந்த கட்டணச் சலுகையை மறுவருடத்துக்குத் தரவில்லை.

இத்தனை வருடத்துக்குப் பிறகும் என்னால் பொறுக்க முடியாதது அடுத்த விஷயம். கடைசியில் கடன் கிடைத்தது. காரைக்குடியில் அம்மா பெயரில் இருந்த நாலு சென்ட் மனையை வைத்து. ஒரே பெயர், ஒரே கிரயப் பத்திரம், ஒரே பட்டா. லீகல் ஒப்பீனியன் ஒரு வாரத்தில் வந்துவிட்டது. முதல் நாளே அதைக் கொண்டுபோயிருக்கலாம். பெரிய வீடு கண்ணை மறைத்ததால் யாருக்கும் அந்த மனை நினைவுக்கே வரவில்லை. அம்மா ஒருமுறை வாயெடுத்தார், "அது கிடக்கு, சின்ன இடம்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

அதனால் யார் வந்தாலும் முதலில் இதைத்தான் கேட்கிறேன்: வீட்டில் ஒரே ஆள் பெயரில் என்ன இருக்கிறது? மனை, வைப்புத் தொகை, எல்.ஐ.சி. பாலிசியின் சரண்டர் மதிப்பு என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். வயல் வேண்டாம். கடன் நின்றுபோனால் ஈட்டைக் கைப்பற்ற வங்கிக்கு உரிமை தரும் சர்ஃபேசி சட்டத்தில் விவசாய நிலத்தைத் தொட முடியாது, அதனால் பெரும்பாலும் ஈடாக ஏற்க மாட்டார்கள். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே போட்டுப் பார்க்கலாம், பட்டாவையும் இணையத்தில் பார்க்கலாம். பொது வீட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை என்றால், கல்லூரி இரண்டாம் வருடத்திலேயே பட்டா மாற்றத்துக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் அலைய ஆரம்பித்துவிடுங்கள். படைப்புக்கோ (முன்னோர்களுக்குப் படைக்கும் வழிபாடு) கல்யாணத்துக்கோ பங்காளிகள் எல்லோரும் ஊருக்கு வரும் நாளாகப் பார்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.

படிக்கும்போது வட்டி ஓடாது என்று நினைப்பது

வட்டித் தொழிலுக்காக பர்மா வரைக்கும் போன ஊர் இது. இங்கேயே இந்தத் தவறு நடப்பதைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை. படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்றுதான் வங்கி சொல்கிறது. வட்டி பணம் கொடுத்த நாளிலிருந்தே ஏறும்.

10 சதவீத வட்டியில் 30 லட்சம், வருடத்துக்கு 15 லட்சமாக இரண்டு வருடம் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருட வட்டி ஒன்றரை லட்சம், அடுத்த இரண்டு வருடமும் மும்மூன்று லட்சம். தவணை தொடங்கும் அன்று அசல் முப்பதாக இருக்காது, முப்பத்தேழரையாக நிற்கும். பத்து வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 39,650 கட்ட வேண்டிய இடத்தில் சுமார் 49,550 கட்டுவீர்கள். வீட்டில் முடிந்தால் படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டிவிடுங்கள். அப்படிக் கட்டுபவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் ஒரு சதவீதம் வரை குறைக்கின்றன. விண்ணப்பிக்கும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.

குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் அந்தக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் ஒன்று உண்டு. அது இந்தியாவில் படிக்கும் தொழில்நுட்ப, தொழிற்படிப்புகளுக்கு மட்டும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில் ஈடும் ஜாமீனும் இல்லை. அதுவும் இந்தியாவில் பட்டியலிட்ட தரமான கல்லூரிகளுக்குத்தான். வெளிநாட்டுக்கு இவற்றை நம்பி வருமானச் சான்றிதழோடு அலைபவர்கள் நிறைய.

எம்.எஸ்.-ஸும் பிஎச்.டி.-யும் ஒன்று என்று கணக்குப் போடுவது

அமெரிக்காவில் அறிவியல், பொறியியல் பிஎச்.டி.-க்குச் சேர்த்தால் பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதச் சம்பளமும் தருவார்கள். எம்.எஸ். பெரும்பாலும் கைக்காசு. ஆராய்ச்சிதான் ஆசை என்றால், 40 லட்சம் கடன் வாங்கி எம்.எஸ். முடித்துவிட்டு அப்புறம் பிஎச்.டி. என்று சுற்ற வேண்டியதில்லை. இளநிலை முடித்தவர்களையே பல துறைகள் நேரடியாகப் பிஎச்.டி.-க்கு எடுக்கின்றன.

ஜெர்மனியில் கட்டணம் இல்லை என்று பாதி கேட்டுவிட்டுக் கிளம்புவது

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் இல்லைதான். விசாவுக்குப் பிளாக்டு அக்கவுன்ட்டில் (மாதாமாதம் அளவாக மட்டும் எடுக்க முடிகிற கணக்கு) வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அந்தத் தொகை முன்பும் கூடியிருக்கிறது, போகும் வருடம் எவ்வளவு என்று பாருங்கள்.

கேட், நெட் எழுதாமல் விடுவது

எழுதிவிடுங்கள். எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வின் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். அதோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய். விரிவுரையாளர், ஆராய்ச்சித் தகுதித் தேர்வான நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிப் பிஎச்.டி. சேர்ந்தால் மாதம் 37,000, சீனியர் ஆனால் 42,000. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) நம் ஊரிலேயே இருக்கிறது. அந்த வாசலைத் தினமும் கடந்து கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளிடம் உள்ளே சம்பளத்தோடு பிஎச்.டி. நடக்கிறது என்று சொன்னால், நிஜமாகவா சார் என்கிறார்கள்.

ஏஜென்ட் காட்டும் ஸ்காலர்ஷிப்

கட்டணத்தில் பத்து சதவீதம் குறைப்பது தள்ளுபடி. மீதி தொண்ணூறு எங்கே என்று கேளுங்கள்.

சொந்தக்காரரிடம் கைமாற்று

வட்டி இல்லை என்பதால் இனிப்பாக இருக்கும். அந்தக் கடனுக்கு, 80இ என்று சொல்லும் கல்விக் கடன் வட்டிக்கான வருமான வரிச்சலுகை கிடையாது. அது வங்கி போன்ற நிதி நிறுவனக் கல்விக் கடனின் வட்டிக்குத்தான், அதுவும் பழைய வரி முறையில் மட்டும். கைப்பணத்தை ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால் வங்கி டி.சி.எஸ். (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிக்கும். கல்விக் கடனிலிருந்து அனுப்பும் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் அது இல்லை. அப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், சித்தப்பாவாகவே இருந்தாலும், பத்திரம் எழுதி வங்கிக் கணக்கு வழியாக வாங்குங்கள்.