பள்ளியில் ஒரு ஜெர்சி எண்ணுக்கு எப்போது ஓய்வு கொடுக்கலாம்?

ஃபிலடெல்ஃபியா புறநகரில் என் மகள் படிக்கும் அரசுப் பள்ளியில், விளையாட்டு கௌரவக் குழுவில் பெற்றோர் தரப்பு உறுப்பினராக இருக்கிறேன். "இந்தப் பிள்ளை போட்ட எண்ணை இனி யாருக்கும் கொடுக்காதீர்கள்" என்று கேட்டு வரும் கடிதங்கள் எங்கள் மேசைக்குத்தான் வரும். அமெரிக்காவில் பூஸ்டர் கிளப்பிலோ (பள்ளி அணிகளுக்குத் துணைநிற்கும் பெற்றோர் சங்கம்) ஸ்கூல் போர்டிலோ உட்காரும் தமிழ்ப் பெற்றோர் யாருக்காவது இதே கேள்வி வந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்சியைச் சுவரில் மாட்டுங்கள், எண்ணை அடுத்த பிள்ளைக்குக் கொடுங்கள். எண்ணுக்கே ஓய்வு கொடுப்பது ஒரு தலைமுறைக்கு ஒரு முறை நடந்தால் போதும்.

இவை இரண்டும் வேறு வேறு என்பதைக் குழுவில் எல்லோரும் புரிந்துகொண்ட பிறகுதான் பேச்சையே தொடங்க வேண்டும். கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து அரங்கில் பழைய நட்சத்திரங்களின் ஜெர்சிகள் உத்தரத்தில் தொங்கும். ஆனால் அந்த எண்களை இன்றைய ஆட்டக்காரர்கள் அணிகிறார்கள். வட கரோலினா பல்கலைக்கழகம் இதையே இரண்டு படியாக வைத்திருக்கிறது. சிறந்தவர்கள் பலருடைய ஜெர்சி மேலே ஏறும். எண்ணுக்கு ஓய்வு வேண்டுமென்றால், குறிப்பிட்ட ஆறு விருதுகளில் ஒன்றையாவது வென்று, நாட்டிலேயே அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கியிருக்க வேண்டும். மைக்கேல் ஜோர்டனின் 23 அந்த வழியில்தான் ஓய்வு பெற்றது. அளவுகோல் இப்படி வெளியார் கொடுக்கும் விருதாக இருந்தால் உள்ளூர்ச் சண்டைக்கு இடமே இல்லை. உங்கள் பள்ளிக்கு இந்த இரண்டு படிகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மேல் படிக்கு மாநில அளவில் 'ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்' விருது என்று வைத்தால் சரியாக இருக்கும்.

அப்புறம் ஒரு தாளை எடுத்து எண்களை எழுதிப் பாருங்கள். பள்ளிக் கூடைப்பந்தில் 0 முதல் 5, 00, 10 முதல் 15, 20 முதல் 25, 30 முதல் 35, 40 முதல் 45, 50 முதல் 55 ஆகியவை மட்டுமே செல்லும். ஃபவுல் செய்தவரின் எண்ணை நடுவர் விரல்களால் ஸ்கோர் மேசைக்குக் காட்டுகிறார், ஒரு கையில் ஐந்து விரல்தானே. அதனால் 6, 7, 8, 9 வரும் எண் எதுவும் கிடையாது. கல்லூரிகள் 2023-24 பருவத்திலிருந்து 99 வரை அனுமதித்துவிட்டன; பள்ளிகள் பழைய முறையிலேயே இருக்கின்றன. மொத்தம் 37 எண்கள். அதிலும் 0, 00 இரண்டும் ஒரே அணியில் இருக்கக் கூடாது. ஆண்டுக்கு ஓர் எண்ணை எடுத்துவிட்டால், இன்று முதல் வகுப்பில் இருக்கும் குழந்தை வர்சிட்டி என்ற பள்ளியின் முதன்மை அணிக்கு வரும்போது ஏறக்குறைய கால் பங்கு போயிருக்கும். அமெரிக்கக் கால்பந்தில் எண்கள் தாராளமாக இருப்பது போலத் தெரியும். அங்கேயும் தாக்குதல் முன்வரிசைக்காரர்களுக்கு 50 முதல் 79 வரைதான், அணியோ பெரியது.

இதில் இன்னொரு சிக்கலைப் பயிற்சியாளர்கள்தான் சொல்வார்கள், பெற்றோருக்குத் தெரிந்திருக்காது. சீருடைகளைச் செட்டாக வாங்கும்போது சிறிய எண்கள் சிறிய அளவிலும் பெரிய எண்கள் பெரிய அளவிலும் வருவது வழக்கம். 10-ஐ எடுத்துவிட்டால், ஒல்லியாக வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குப் பொருந்தும் ஒரு சட்டையும் சேர்ந்து போகிறது. அதனால் ஓட்டெடுப்புக்கு முன்னால் உபகரண அறையைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நம் ஊர்க்காரர்களிடம் இதைப் பேசும்போது தோனியின் 7 உடனே வந்துவிடுகிறது. சச்சினின் 10-ஐ 2017-ல் கொழும்பில் ஷர்துல் தாக்கூர் அணிந்ததும் ரசிகர்கள் கொதித்தார்கள். பிறகு அவர் 54-க்கு மாறினார். அந்தப் பாசம் எனக்கும் உண்டு. ஆனால் ஒரு தேசிய அணிக்கு இரண்டு எண்கள் குறைந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பள்ளி அணி அப்படி இல்லை.

எப்போது விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வது? பள்ளியை முடித்து ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் என்று விதியில் எழுதுங்கள். எங்கள் பக்கத்து ஊர் உதாரணம் ஒன்று இருக்கிறது. கோபி பிரையன்ட் லோயர் மெரியன் பள்ளிக்கு 1996-ல் மாநிலக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அவருடைய 33-க்குப் பள்ளி ஓய்வு கொடுத்தது 2002-ல். அதற்குள் அவர் லேக்கர்ஸ் என்ற தொழில்முறை அணியுடன் சாம்பியன் பட்டங்கள் வென்றுவிட்டார். கோபிக்கே பொறுத்திருந்தார்கள் என்று சொன்னால் மற்றவர்கள் எதிர்த்துப் பேச மாட்டார்கள். கெய்ட்லின் கிளார்க்கின் 22-க்கு அயோவா பல்கலைக்கழகம் 2025 பிப்ரவரியிலேயே, அவர் வெளியேறி ஓராண்டு ஆவதற்குள், ஓய்வு கொடுத்ததே என்பார்கள். சரிதான். ஆனால் 3,951 புள்ளிகளோடு கல்லூரிக் கூடைப்பந்தின் உச்சத்தில் நின்றவர் அவர். அதற்கு மேல் காத்திருந்து தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

பட்டமளிப்பும் கட்டாயமாக இருக்கட்டும். டேவிட்சன் கல்லூரி இதில் உறுதியாக நின்றது. ஸ்டெஃபன் கரி 2009-ல் படிப்பை முடிக்காமல் என்பிஏ தொழில்முறை லீகுக்குப் போனார். உலகமே கொண்டாடிய பிறகும், பட்டம் வாங்கினால்தான் எண்ணுக்கு ஓய்வு என்றது கல்லூரி. அவர் படிப்பை முடித்து, 2022 ஆகஸ்டில் பட்டமும் 30-க்கு ஓய்வும் ஒரே விழாவில் பெற்றார். படிப்பை முதலில் வைக்கும் இடம் பள்ளி என்பதை ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக யாராலும் காட்ட முடியாது. இந்த ஒரு விதிக்காக நான் கூட்டத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாதாடுவேன்.

எதைக் கணக்கில் எடுப்பது என்று கேட்டால், உங்கள் பள்ளிச் சட்டையில் ஆடியதை மட்டும். பிற்காலத்தில் பெரிய ஆளானவர்களுக்கு முன்னாள் மாணவர் சுவர் இருக்கிறது. சாதனைப் புள்ளிகளை மட்டும் வைத்து எண்ணைக் கேட்பவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். எங்களுக்கு வந்த ஒரு விண்ணப்பம், 1,000 புள்ளிகளைக் கடந்த ஒரு பெண்ணைப் பற்றியது. அருமையான ஆட்டக்காரி, ஜிம் முழுக்க அவள் பெயரைச் சொல்லிக் கத்தியதை நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் 1,000 புள்ளிக்காரர்களுக்கென்று ஜிம்மில் ஏற்கெனவே ஒரு பேனர் இருக்கிறது, அதில் பெயர்கள் கூடிக்கொண்டேதான் போகின்றன. அந்தப் பெண்ணின் தங்கை நடுநிலைப் பள்ளியில் ஆடிக்கொண்டிருந்தாள், அக்காவின் எண்ணைப் போட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. குடும்பத்திடம் இதைச் சொன்னபோது அம்மாவே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எண்ணை மூடுவதால் யாருக்கு வாசல் அடைபடுகிறது என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

சுவரில் யார் யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். பல பள்ளிகளில் பையன்களின் கால்பந்து, கூடைப்பந்து ஜெர்சிகள்தான் தொங்கும். அமெரிக்கப் பள்ளிகளில் ஆண், பெண் விளையாட்டுக்குச் சம வாய்ப்பைக் கட்டாயமாக்கிய டைட்டில் ஒன்பது சட்டம் 1972-ல் வந்தது. அதற்கு முன் ஆடிய பெண்களுக்கு முறையான அணிகூட அநேகமாக இருந்திருக்காது. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு பாலி பள்ளியில் ஷெரில் மில்லர் 1982-ல் ஒரே ஆட்டத்தில் 105 புள்ளிகள் எடுத்தார். அப்படி ஒருத்தி உங்கள் பழைய இயர்புக்கில் ஒளிந்திருக்கலாம், யாராவது தேடினால்தான் கிடைப்பாள். அதோடு, நீச்சல், டென்னிஸ், மல்யுத்தம், கிராஸ் கன்ட்ரி பிள்ளைகளுக்கு நிரந்தர எண்ணே கிடையாது. எண் ஓய்வுதான் பள்ளியின் மிகப் பெரிய மரியாதை என்று வைத்துவிட்டால், மாநிலச் சாம்பியனான நீச்சல்காரிக்கு அது எந்தக் காலத்திலும் எட்டாது. ஆகவே கௌரவப் பட்டியலை மேலே வையுங்கள், எண் ஓய்வை அதற்குள் ஒரு சிறு பிரிவாக வையுங்கள்.

இனி மிகவும் கனமான விஷயம். ஆடிக்கொண்டிருந்த பிள்ளை இறந்துவிட்டால் என்ன செய்வது?

ஊரே அழுதுகொண்டிருக்கும்போது முடிவெடுக்காதீர்கள். அந்தப் பருவம் முழுக்கத் தோளில் ஒரு பட்டை, பெஞ்சில் அந்தச் சட்டை, கடைசி ஆட்டத்தில் அதைக் குடும்பத்திடம் கொடுப்பது: இவற்றுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், உடனே செய்யுங்கள். அந்த ஆண்டு எண்ணை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று பயிற்சியாளர் சொன்னால் அதுவும் சரி. நிரந்தர முடிவு மட்டும் அடுத்த ஆண்டுக்குப் போகட்டும். ஏனென்றால் அதே பள்ளியில் பேண்டு வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசித்த ஒரு பிள்ளையும் சாலை விபத்தில் போகலாம். அந்த அம்மா ஜிம் சுவரைப் பார்த்து என்ன நினைப்பார்? தற்கொலைக்குப் பிறகு பள்ளிகள் என்ன செய்ய வேண்டும் என்று அமெரிக்கத் தற்கொலைத் தடுப்பு அறக்கட்டளை தரும் வழிகாட்டியும் இதையே சொல்கிறது. எந்தக் காரணத்தால் நேர்ந்தாலும் எல்லா மரணங்களையும் ஒரே மாதிரி நடத்துங்கள், வளாகத்தில் நிரந்தர நினைவுச் சின்னங்களைத் தவிருங்கள் என்கிறது. மனம் தளர்ந்திருக்கும் வேறு பிள்ளைகள் அதே வளாகத்தில் நடமாடுகிறார்கள். பள்ளி ஆலோசகரைக் கூட்டத்துக்கு அழைக்காமல் இந்த வகை விண்ணப்பத்தை எடுக்கவே கூடாது.

குடும்பம் எண் மறக்கப்படக் கூடாது என்று கேட்டால், மிசிசிப்பி பல்கலைக்கழகம் காட்டிய வழியைச் சொல்லுங்கள். அங்கே சக்கி மல்லின்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்துத் தடுப்பாட்டக்காரர் 1989 அக்டோபர் 28 அன்று வாண்டர்பில்ட்டுக்கு எதிரான ஆட்டத்தில் கழுத்து முள்ளெலும்புகள் முறிந்து கை, கால்கள் செயலிழந்துபோனார், 1991-ல் இறந்தார். 1990-லிருந்து ஒவ்வோர் ஆண்டும் துணிவுக்கான விருது பெறும் தடுப்பாட்டக்காரருக்கு அவருடைய 38-ஐ அணியும் உரிமை கிடைத்தது. 2006-ல் அந்த எண்ணுக்கு ஓய்வு கொடுத்தார்கள். சில ஆண்டுகளிலேயே திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆண்டுதோறும் ஒரு புதிய பிள்ளை அந்தப் பெயரைக் கேட்டு, அவர் யார் என்று தெரிந்துகொண்டு, அந்த எண்ணோடு ஓடுகிறான். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

குழு அமைப்பது எளிது. பள்ளி விளையாட்டுகளைக் கவனிக்கும் அத்லெட்டிக் டைரக்டர், ஆண்கள் அணியிலும் பெண்கள் அணியிலும் இருந்து தலா ஒரு பயிற்சியாளர், விளையாட்டோடு தொடர்பில்லாத ஓர் ஆசிரியர், ஒரு முன்னாள் மாணவர், ஒரு பெற்றோர். உறவுக்காரர் விண்ணப்பம் வந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும். ரகசிய ஓட்டு, நான்கில் மூன்று பங்கு ஆதரவு, அதன் பிறகு ஸ்கூல் போர்டின் ஒப்புதல். வெளியார் அனுப்பும் விண்ணப்பமாக இருந்தால் முடிவு தெரியும்வரை குடும்பத்துக்குச் சொல்ல வேண்டாம். நிராகரிப்பு அவர்கள் காதுக்குப் போகத் தேவையில்லை. இந்த விதிகள் எல்லாம் யாருடைய பெயரும் மேசையில் இல்லாத நேரத்தில் எழுதப்பட வேண்டும். பெயர் வந்த பிறகு எழுதும் விதி, அந்தப் பெயருக்காகவே எழுதியதாகத்தான் தெரியும்.

பின்னால் தவறான நடத்தை வெளிப்பட்டால் என்ன செய்வது என்பதையும் இரண்டு பக்கமும் எழுதுங்கள், எடுப்பதற்கும் திரும்ப வைப்பதற்கும். அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர் ரெஜி புஷ்ஷின் 5-ஐத் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் விதிமீறல் தீர்ப்புக்குப் பிறகு இறக்கியது. 2024-ல் அவருடைய ஹைஸ்மன் கோப்பை (கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது) திரும்பக் கிடைத்ததும் எண்ணும் திரும்ப ஏறியது.

ஓய்வு என்று முடிவான எண்ணை இப்போது அணிந்திருக்கும் பிள்ளையிடமிருந்து பிடுங்காதீர்கள். ஜாக்கி ராபின்சனின் 42-க்கு 1997-ல் பேஸ்பால் லீக் முழுவதும் ஓய்வு கொடுத்தபோது, ஏற்கெனவே அணிந்திருந்தவர்கள் தொடரலாம் என்றார்கள். மரியானோ ரிவேரா 2013 வரை அணிந்தார். விழாவைச் சொந்த மைதான ஆட்டத்தின் இடைவேளையில் வையுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவது பிரதியாக இருக்கட்டும். லோயர் மெரியனில் கோபியின் ஜெர்சி 2017-ல் திருடுபோய், சீனாவில் ஒரு சேகரிப்பாளர் கைக்குப் போய், 2019-ல்தான் திரும்பி வந்தது.

கடைசியாக, எண்ணுக்கு உரியவரோ குடும்பமோ விரும்பினால் அதைத் திரும்ப ஆட்டத்துக்குக் கொடுக்கலாம் என்று ஒரு வரி சேருங்கள். டொராண்டோ ஹாக்கி அணி ஏஸ் பெய்லியின் 6-க்கு 1934-ல் ஓய்வு கொடுத்தது. 1968-ல் பெய்லியே ரான் எல்லிஸின் ஆட்டம் பிடித்துப்போய், என் எண்ணை இவர் அணியட்டும் என்று கேட்டுக்கொண்டார். எல்லிஸ் ஓய்வு பெறும்வரை அதையே அணிந்தார். உங்கள் விதியில் அந்த வரி இல்லையென்றால், அப்படி ஒருவர் வந்து கேட்கும்போது ஸ்கூல் போர்டு முடியாது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.