கதவில்லாத கொலுசுக் கடை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுக் கடைக்கு இணையதளம் செய்து கொடுத்திருந்தேன். பார்வையற்ற நண்பர் ஒருவர் திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ திரைவாசிப்பானோடு திறந்தார். படத்துக்குப் படம் கோப்புப் பெயரையே வாசித்தது. 'வாங்கு' பொத்தானுக்கோ டேப் விசையை அடித்தால் போகவே இல்லை.

"என்னங்க, கடைக்குக் கதவே வைக்கலையா?" என்றார்.

பொத்தானை டிவ்வில், அதாவது வெறும் பெட்டிக்கான டேகில், செய்தது என் தப்பு. பட்டன் டேகுக்கு மாற்றியதும் டேப், என்டர் இரண்டும் தாமாகவே வேலை செய்தன. ஆல்ட், அதாவது படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் விவரம், எழுதுவதுதான் இழுத்தது. முதலில் எல்லாவற்றுக்கும் 'கொலுசு' என்றே போட்டேன், சோம்பல்தான். அப்புறம் 'மூன்று சலங்கை வைத்த மெல்லிய கொலுசு' என்று ஒவ்வொன்றாக எழுதினேன். வெள்ளையில் வெளிறிக் கிடந்த விலையையும் கருப்பாக்கினேன். சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே 4.5:1 ஒளி வேறுபாடாவது வேண்டும்.

மறுநாள் அவரே ஆர்டர் போட்டார். அளவுதான் தப்பு. அளவை நிரப்பும் கட்டத்துக்கு, அது எதற்கு என்று சொல்லும் லேபிள் வைக்க மறந்திருந்தேன்.