பம்பு மாற்றவில்லை, புனலை மாற்றினேன்

பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் முன் மின்சாரப் பால் பம்பு ஒன்று வாங்கினேன். விசையைக் கூட்டக் கூட்ட வலிதான் மிஞ்சியது. பாத்திரத்தின் அடி நனையும் அளவுக்குக்கூடப் பால் தேறவில்லை. பால் வற்றிவிட்டது என்று வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள். மகனோ நேரடியாகக் குடித்து நன்றாக எடை ஏறிக்கொண்டிருந்தான்!

குறை, பம்போடு வந்த, மார்பில் பொருத்தும் புனலில். காம்பு நுழையும் அதன் குழாயின் விட்டம் 24 மி.மீ. காம்போடு சுற்றியுள்ள கருவளையமும் உள்ளே இழுபட்டுச் சிவந்து வீங்கியது. காம்பின் அடி அகலத்தை அளவுகோல் வைத்து அளந்தேன்: 17 மி.மீ. தனியாக 19 மி.மீ. புனல் வாங்கிப் பொருத்தியதும் காம்பு மட்டும் உரசாமல் முன்னும் பின்னும் நகர்ந்தது. குறைந்த விசையிலேயே பால் பீறிட்டு வந்தது. பம்பு வாங்குபவர்கள் விலையையும் மோட்டாரையும் பிறகு பாருங்கள். பல அளவுகளில் புனல் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பம்பில் உள்ள சிலிகான் வால்வு தளர்ந்தாலும் இழுவிசை போய்விடும், கூடுதலாக ஒன்று இருக்கட்டும்.

பாட்டில் வாங்கவே இல்லை. அம்மா பாலாடையில் புகட்டினார். அழுக்குத் தங்க அதில் மூலைமுடுக்கு கிடையாது. கறந்த பாலை 25 டிகிரிக்குள் 4 மணி நேரம் வெளியே வைக்கலாம். நம் வெயிலுக்கு உடனே ஃப்ரிட்ஜ்தான். எடுத்த பாலை அடுப்பில் ஏற்றாமல், வெந்நீரில் கிண்ணத்தை வைத்தே இளஞ்சூடாக்கினோம்.