ஏஏசி பிளாக் சுவரில் விரிசல் வராமல் இருக்க

ஏஏசி பிளாக் என்பது உள்ளே நுண்ணிய காற்றுக் குமிழ்கள் நிறைந்த, எடை குறைந்த கான்கிரீட் கட்டி. அதே கன அளவு செங்கல்லின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், வெப்பத்தையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் செங்கல் கட்டும் பழக்கத்திலேயே இதையும் கட்டினால் விரிசல் நிச்சயம்.

முதல் தவறு தண்ணீர். செங்கல்லைப் போல ஊறவைக்கக் கூடாது. ஊறிய பிளாக் சுவரில் காயும்போது சுருங்கும். பூச்சில் முடி போன்ற கோடுகள் விழும். ஒட்டும் பக்கத்தில் தூசியைத் துடைத்து, ஈரத் துணியால் ஒற்றினால் போதும்.

முதல் வரிசைக்கு மட்டும் சிமென்ட் கலவை போட்டு ரசமட்டம் பாருங்கள். அதற்கு மேல் பிளாக் ஒட்டும் கலவை, 3 மி.மீ. கனத்தில், பல் வைத்த கரண்டியால். செங்குத்து இணைப்புகளிலும் தடவ வேண்டும்; கொத்தனார்கள் பெரும்பாலும் விடுவது இதைத்தான்.

பீமுக்கு அடியில் இறுக்கி அடைக்காதீர்கள். 10 மி.மீ. இடைவெளி விட்டு, சில நாள் கழித்து நிரப்புங்கள். சுவர் தூணையும் பீமையும் தொடும் இடங்களில், இருபுறமும் 15 செ.மீ. படியும்படி ஃபைபர் வலை பதித்த பிறகே பூச்சு. சிமென்ட்டைக் கூட்டினால் பூச்சு வலுவாகும் என்று நினைக்க வேண்டாம். மென்மையான பிளாக்கின் மேல் அது வெடிக்கும். ஒரு பங்கு சிமென்ட்டுக்கு ஆறு பங்கு மணல் (1:6) சரியாக இருக்கும்.

வயர் பதிக்கச் சுத்தியல், உளி கூடாது, கட்டர் மட்டுமே.